உணவுத் தொழில்நுட்பம் படிக்கப் போகிறீர்களா? பிளஸ் டூவிலிருந்து முதல் வேலை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நாளைக் காலை வாசலுக்குப் பால் பாக்கெட் வந்ததும், அடுப்பில் ஊற்றுவதற்கு முன் அதில் அச்சிட்டிருப்பதை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆவின் பச்சைப் பாக்கெட்டில் கொழுப்பு 4.5 சதவீதம், கொழுப்பு அல்லாத திடப்பொருள் 8.5 சதவீதம். நீலத்தில் 3, 8.5. ஆரஞ்சில் 6, 9. ஒரு மாட்டின் பால் போல இன்னொரு மாட்டின் பால் இருப்பதில்லை. கோடைப் பாலும் மழைக்காலப் பாலும்கூட வேறு வேறுதான். அப்படியிருக்க, பல ஆயிரம் வீடுகளிலிருந்து வந்து சேரும் பால் எப்படி வருடம் முழுக்க ஒரே எண்ணோடு வாசலுக்கு வருகிறது? யாரோ ஒருவர் கொழுப்பை அளந்திருக்கிறார். ஒருவர் கலவைக்குக் கணக்குப் போட்டிருக்கிறார். 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கி உடனே குளிர வைக்கும் எந்திரத்தை ஒருவர் விடிய விடியக் கவனித்திருக்கிறார். அதே பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண் ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு சட்டமும் அதை அமல்படுத்தும் அதிகாரிகளும் இருக்கிறார்கள். உணவுத் தொழில்நுட்பம் படிப்பவர் இந்த வேலைகளில் ஏதோ ஒன்றைச் செய்யப் போகிறவர்.

பதினைந்து ஆண்டுகளாகத் தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். பிளஸ் டூ முடிவுகள் வரும் வாரத்தில் உறவுக்காரர்கள், நண்பர்களின் பிள்ளைகள் என்று வரிசையாகக் கூப்பிடுவார்கள். எல்லோரிடமும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன். தமிழ்நாட்டு மாணவரை மனத்தில் வைத்து எழுதியது.

முதல் படி: எந்தப் படிப்பு என்பதில் குழப்பம் வேண்டாம்

தொலைபேசியில் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஃபுட் டெக் எடுத்தா சமையல்தானே அண்ணா?" இல்லை. சமையலும் விருந்தோம்பலும் கேட்டரிங் படிப்பில் வரும். யாருக்கு எந்தச் சத்து எவ்வளவு தேவை, நீரிழிவு உள்ளவருக்கு என்ன உணவு என்பவை ஊட்டச்சத்து மற்றும் உணவுமுறையியலில் வரும். அதைப் படித்தவர்கள் மருத்துவமனைகளில் டயட்டீஷியனாக வேலைக்குப் போகிறார்கள்.

உணவு அறிவியல், உணவுப் பொருளையே ஆராய்கிறது. அரிசிக்குள், பாலுக்குள், மாம்பழச் சாற்றுக்குள் என்ன இருக்கிறது, சூடாக்கினால் என்ன ஆகிறது, எதனால் கெடுகிறது, கெடாமல் எப்படி வைப்பது என்பதெல்லாம் அதற்குள் வரும். உணவுத் தொழில்நுட்பம் அந்த அறிவைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோகிறது. வீட்டில் இரண்டு லிட்டர் பால் காய்ச்சுவது வேறு, மணிக்குப் பத்தாயிரம் லிட்டர் காய்ச்சுவது வேறு. பத்தாயிரத்துக்குக் குழாய் விட்டம், பம்பின் திறன், வெப்பம் கடத்தும் தகடுகளின் பரப்பு எல்லாவற்றையும் கணக்கிட வேண்டும். பி.டெக். என்று பட்டம் வருவதும், கணிதம் கேட்பதும் இதனால்தான்.

டயட்டீஷியன் ஆக ஆசைப்பட்டு, பெயரில் "ஃபுட்" இருக்கிறதே என்று பி.டெக்.கில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் திரவ இயக்கவியல் பாடத்தில் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாடத்திட்டத்தை முழுக்கப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதை இணையத்தில் வைத்திருக்கின்றன.

இரண்டாம் படி: பதினொன்றாம் வகுப்பில் எடுத்த குரூப்

பி.டெக். உணவுத் தொழில்நுட்பத்துக்குப் பொதுவாகக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். பயோ-மேத்ஸ் எடுத்தவர்களுக்கு இது நல்ல வசதி. நுண்ணுயிரியலும் உயிர்வேதியியலும் வரும்போது அவர்கள் கொஞ்சம் முன்னால் நிற்பார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்களும் தயங்க வேண்டியதில்லை. உயிரியலில் தேவையானதை முதலாண்டிலேயே சொல்லிக் கொடுப்பார்கள்.

ப்யூர் சயின்ஸ் எடுத்து, கணிதம் இல்லாதவர்களுக்குக் கதவு அடைபட்டுவிடவில்லை. பி.எஸ்சி. உணவு அறிவியல், வேதியியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் இவற்றில் ஒன்றைப் படித்துவிட்டு எம்.எஸ்சி.யில் உணவுத் துறைக்குள் வரலாம். என்னோடு வேலை செய்த ஆய்வக நிபுணர்களில் மிகத் திறமையான ஒருவர் பி.எஸ்சி. வேதியியல் படித்து வந்தவர். மூன்று வருடமும் அவர் பர்னர் முன்னால் நின்ற பழக்கம் கடைசி வரை அவர் கையில் தெரிந்தது.

மூன்றாம் படி: எங்கெல்லாம் படிக்கலாம், எந்த வழியாக நுழையலாம்

மாணவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். ஒரே பட்டத்துக்குத் தமிழ்நாட்டில் பல வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி. பொறியியல் கலந்தாய்வுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தால் மற்ற வாசல்கள் மூடிவிடும்.

பொறியியல் கலந்தாய்வு முதல் வாசல். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுவார்கள். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது ஏ.சி. டெக், பி.டெக். உணவுத் தொழில்நுட்பம் நடத்துகிறது. 1944-ல் தொடங்கிய கல்லூரி அது. வேதிப் பொறியியலில் ஆழமான வேர் கொண்டது. உணவுத் துறையின் பொறியியல் பக்கம் பிடித்தவர்களுக்கு அந்தச் சூழல் பொருந்தும். கலந்தாய்வில் வரும் தனியார் கல்லூரிகள் பலவற்றிலும் இந்தப் படிப்பு உண்டு.

கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இரண்டாவது வாசல். அங்கே உணவுத் தொழில்நுட்பத்தை வேளாண் பொறியியல் கல்லூரியில் வைத்திருக்கிறார்கள். விளைச்சல் நிலத்திலிருந்து வெளியேறிய நொடியிலிருந்து பாடம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் பல்கலைக்கழகமே தரவரிசைப் பட்டியல் வெளியிடும். மதுரையில் அதே பல்கலைக்கழகத்தின் சமுதாய அறிவியல் கல்லூரி ஊட்டச்சத்துப் படிப்பு நடத்துகிறது. முதல் படியில் சொன்ன வேறுபாட்டை நினைவில் வைத்து விண்ணப்பியுங்கள்.

மூன்றாவது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். பலருக்கும் இது கண்ணில் படுவதே இல்லை. "மாட்டு டாக்டர் படிப்புதானே" என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். சென்னையை ஒட்டிய கொடுவள்ளியில் உள்ள அதன் கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம் இரண்டிலும் பி.டெக். உண்டு. பால், இறைச்சி, முட்டை சார்ந்த தொழிலில் போக நினைப்பவர்கள் இதற்குக் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும் என்பேன்.

நான்காவது வாசல் தஞ்சாவூர். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காவிரி டெல்டாவில் குறுவை அறுவடை மழையில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஈரநெல் குவியலுக்குள் கையை விட்டால் சுடும். இரண்டு நாளில் முளை விடும், பூஞ்சை பிடிக்கும், அரிசி மஞ்சளாகும். அந்தச் சிக்கலோடு மல்லுக்கட்ட 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஒரு நெல் பதன ஆய்வுக்கூடம் தொடங்கியது. தொடங்கியவர் வி. சுப்பிரமணியன். மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின், நாம் சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்று சொல்லும் நிறுவனத்தின், முதல் இயக்குநராக இருந்தவர். அவ்வளவு பெரிய நிறுவனத்தை நடத்தியவர், பிறகு டெல்டாவின் ஈரநெல்லுக்காக வந்து நின்றிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் துறையின் மேல் மரியாதை கூடுகிறது. அந்த ஆய்வுக்கூடம்தான் தஞ்சாவூருக்கு இடம் மாறி, பல பெயர்களைக் கடந்து, 2021-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. இப்போது நிஃப்டெம் தஞ்சாவூர் என்று பெயர். ஹரியானாவின் குண்ட்லியில் இருப்பது அதன் சகோதர நிறுவனம். இரண்டிலும் பி.டெக். சேர ஜே.இ.இ. மெயின் தேர்வு எழுதியிருக்க வேண்டும். ஐ.ஐ.டி. கனவு இல்லாதவர்கள் அந்தத் தேர்வே எழுதுவதில்லை. உணவுத் துறையில் ஆர்வம் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே எழுதுங்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழைத் தேர்வு முடிவுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் அலைவார்கள். தகுதி விதிகளும் தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டைத் தவிர வேறு யார் பேச்சையும், என் பேச்சையும் சேர்த்துத்தான், இறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான்காம் படி: கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள்

நான் படித்த இடத்தில் விலையுயர்ந்த கருவிகள் பல இருந்தன. அவற்றில் பாதி, நான்கு ஆண்டும் உறை போட்டபடியே இருந்தன. பார்வையாளர்கள் வரும் நாளில் மட்டும் உறையை எடுப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு சாதாரண நிறமாலை ஒளிமானியை இயக்கத் தெரியாமல் நின்ற நாளில் அதன் விலை எனக்குப் புரிந்தது. அதனால் சொல்கிறேன், கட்டடத்தையும் வாசல் வளைவையும் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஆய்வகத்துக்குள் போக அனுமதி கேளுங்கள். கருவிகளுக்குப் பக்கத்தில் பயன்பாட்டுப் பதிவேடு இருக்கிறதா, கடைசியாக யார் எப்போது பயன்படுத்தினார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முன்னோடி ஆலை இருக்கிறதா என்று கேளுங்கள். அது தொழிற்சாலை எந்திரங்களைச் சின்ன அளவில் வைத்திருக்கும் கூடம். தெளிப்பு உலர்த்தி, ரிட்டார்ட் என்கிற அழுத்தக் கலன், பால் பதப்படுத்தும் எந்திரம், பேக்கரி அடுப்பு இவற்றில் சிலவாவது ஓடும் நிலையில் இருக்க வேண்டும். அங்கே மாணவர்கள் தங்கள் கையால் ஏதாவது தயாரிக்கிறார்களா, அல்லது ஆசிரியர் செய்து காட்ட நாற்பது பேர் சுற்றி நின்று பார்க்கிறார்களா? மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் உண்மை வந்துவிடும்.

ஆசிரியர்களில் எத்தனை பேர் உணவுத் துறையிலேயே படித்தவர்கள், முந்தைய ஆண்டு மாணவர்கள் பயிற்சிக்கு எந்த ஆலைகளுக்குப் போனார்கள், வளாகத் தேர்வில் வந்த நிறுவனங்களில் எத்தனை உணவு நிறுவனங்கள் என்பதையும் கேளுங்கள். "நூறு சதவீதம் வேலைவாய்ப்பு" என்று சொல்லும் சில இடங்களில் உணவுத் தொழில்நுட்பம் படித்தவர்களும் மென்பொருள் நிறுவனங்களுக்குத்தான் போயிருப்பார்கள். அது தவறு என்று சொல்லவில்லை, ஆனால் நீங்கள் தேடி வந்தது அதுவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: நான்கு ஆண்டில் என்ன படிப்பீர்கள், எப்படிப் படிக்க வேண்டும்

முதலாண்டு பெரும்பாலும் எல்லாப் பொறியியல் மாணவர்களுக்கும் பொதுவான பாடங்கள்தான். கணிதத்தை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், அது போதும். உண்மையான படிப்பு இரண்டாம் ஆண்டில் தொடங்குகிறது. நான்கு தூண்கள் என்று சொல்வேன்: உணவு வேதியியல், உணவு நுண்ணுயிரியல், உணவுப் பதனப் பொறியியல், உணவுப் பகுப்பாய்வு.

வேதியியலில் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது தண்ணீர். ஒரு பொருளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு தண்ணீர் கிருமிகளின் கைக்கு எட்டுகிறது என்பதே முக்கியம். இதை நீர்ச் செயல்பாடு என்பார்கள். சுத்தத் தண்ணீருக்கு 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே வளர முடியாது. 0.6-க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் வளராது. மாங்காயில் உப்பைக் கொட்டும்போது பாட்டி செய்வது இதுதான். தண்ணீர் அதே ஜாடியில்தான் இருக்கிறது, ஆனால் உப்பு அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இந்த ஒரு கருத்து மனத்தில் பதிந்துவிட்டால் கருவாடு, ஜாம், அப்பளம், தேன் எல்லாம் ஏன் கெடாமல் இருக்கின்றன என்று தானாகவே விளங்கிவிடும்.

புழுங்கல் அரிசியும் அருமையான பாடம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது மாவுச்சத்து கூழாகி, அரிசிக்குள் இருக்கும் வெடிப்புகளை ஒட்டவைக்கிறது. அதனால் ஆலையில் குருணை குறைகிறது. தவிட்டுப் பகுதியில் இருக்கும் தயமின் என்கிற பி1 வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்குவதால், தீட்டிய பிறகும் ஓரளவு தங்குகிறது. பச்சரிசியை நன்றாகத் தீட்டிச் சாப்பிட்ட மக்களிடையே, பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் பரவிய காலத்தில், புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களிடம் அது குறைவாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

நுண்ணுயிரியலுக்கு இட்லி மாவைவிட நல்ல ஆசிரியர் இல்லை. தயிரோ ஈஸ்ட்டோ சேர்க்காமலேயே அது புளித்துப் பொங்குகிறது. உளுந்தோடும் அரிசியோடும் கூடவே வந்த பாக்டீரியாக்கள், முக்கியமாக லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டஸ், சர்க்கரையை அமிலமாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகின்றன. உளுந்தின் புரதமும் பிசுபிசுப்பான மாவுப்பொருளும் அந்த வாயுவைக் குமிழிகளாகப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. விடுமுறையில் ஒரு அளவு ஜாடியில் மாவை ஊற்றி, மணிக்கொருமுறை உயரத்தையும், பி.எச். தாள் கிடைத்தால் புளிப்பையும் குறித்துப் பாருங்கள். குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என இரண்டு வரைபடம் போட்டுவிட்டால் நுண்ணுயிர் வளர்ச்சிப் பாடத்தைப் பாதி முடித்த மாதிரி.

இதே பாடத்தில் உயிர் காக்கும் எண் ஒன்று வரும்: பி.எச். 4.6. அதைவிடப் புளிப்புக் குறைந்த உணவைக் காற்றுப் புகாமல் அடைத்து வெளியே வைத்தால் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் வளர்ந்து நஞ்சை உண்டாக்கலாம். அதன் வித்துகள் கொதிநீரின் 100 டிகிரிக்குச் சாவதில்லை. ரிட்டார்ட்டில் 121 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். மாம்பழச் சாறு புளிப்பானது, அதனால் அதற்கு இந்தக் கடுமை தேவையில்லை. கூட்டு, குருமா, தேங்காய்ப் பால் எல்லாம் வேறு. வீட்டில் செய்த குருமாவைப் பையில் சீல் வைத்து வெளியூருக்கு விற்க முடியுமா என்று கேட்டு வருபவர்களிடம் இந்த எண்ணைத்தான் முதலில் சொல்கிறேன். இதைப் படித்த ஒருவர் அந்த ஊரில் இருந்தால் ஒரு குடும்பத்தையே காப்பாற்ற முடியும். அப்படித்தான் இந்தப் படிப்பை நான் பார்க்கிறேன்.

பொறியியல் பாடங்களைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 3 சதவீதக் கொழுப்புள்ள பால் இருக்கிறது, 40 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் இருக்கிறது. பச்சைப் பாக்கெட்டுக்கு 4.5 சதவீதத்தில் 1,000 கிலோ வேண்டும். 4.5-லிருந்து 3-ஐக் கழித்தால் 1.5, இது கிரீமின் பங்கு. 40-லிருந்து 4.5-ஐக் கழித்தால் 35.5, இது பாலின் பங்கு. மொத்தம் 37 பங்கு. 1,000 கிலோவில் கிரீம் ஏறத்தாழ 40.5 கிலோ, பால் 959.5 கிலோ. பியர்சன் சதுரம் என்று பெயர். எட்டாம் வகுப்புக் கணக்குதான். வெப்பக் கடத்தல், உலர்த்தல், குளிரூட்டல் எல்லாமே இதேபோல "உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு" என்ற ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்பவை. சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமல் ஒவ்வொரு கணக்குக்கும் முதலில் ஒரு பெட்டி வரைந்து, உள்ளே வரும் அம்பும் வெளியே போகும் அம்பும் போட்டுப் பழகுங்கள்.

பகுப்பாய்வு ஆய்வகம் பொறுமையைக் கேட்கும். 105 டிகிரி அடுப்பில் உலர்த்தி ஈரப்பதம், சாக்ஸ்லெட் கருவியில் கொழுப்பு, உலையில் எரித்துச் சாம்பல், கெல்டால் முறையில் புரதம். சோதனையோடு அதன் பலவீனத்தையும் சேர்த்துப் படியுங்கள். கெல்டால் முறை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, பொதுவாக 6.25-ஆல் பெருக்குகிறது. பாலுக்கு 6.38. சீனாவில் 2008-ல் இந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான் தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். அதில் நைட்ரஜன் மிக அதிகம் என்பதால் சோதனையில் புரதம் சரியாக இருப்பதாகக் காட்டியது. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறேன். எந்திரம் காட்டும் எண் எதை அளந்து வந்தது என்று தெரியாமல் அறிக்கையில் கையெழுத்துப் போடக் கூடாது.

மற்ற பாடங்கள், அதாவது பேக்கேஜிங், சுவை மதிப்பீடு, தானியம், பால், இறைச்சி, பழம் காய்கறித் தொழில்நுட்பங்கள், மூன்றாம் ஆண்டில் வரிசையாக வரும். இந்த நான்கு தூண்களும் உறுதியாக இருந்தால் அவை எளிது. உணவுச் சட்டப் பாடத்தை மட்டும் கடைசி நாளில் படிக்காதீர்கள். 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டமும், லேபிளில் என்ன போட வேண்டும் என்ற விதிகளும் வேலையில் தினமும் கைக்கு வரும். கடைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் அதுவே போதிய தயாரிப்பு. புள்ளியியலும் அப்படித்தான். ஒரே ஒரு பாக்கெட்டைச் சோதித்துவிட்டு ஒரு லோடு முழுவதும் நல்லது என்று சொல்லலாமா என்ற கேள்வியோடு படித்தால் பிடித்துப்போகும்.

ஆறாம் படி: ஆலைப் பயிற்சியை வீணாக்காதீர்கள்

பயிற்சி என்றாலே சான்றிதழ் வாங்கினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. பெயர் பெற்ற ஆலையில் பத்து நாள் சுற்றிப் பார்ப்பதைவிட, ஊருக்குப் பக்கத்தில் ஒரு நவீன அரிசி ஆலையிலோ கடலை மிட்டாய் ஆலையிலோ ஒரு மாதம் ஒரே பிரிவில் நிற்பது நல்லது என்பது என் கருத்து. சின்ன ஆலையில் உங்களைக் கருவியைத் தொடவிடுவார்கள். முதலாளியிடமே கேள்வி கேட்கலாம்.

நான் ஒரு பிஸ்கட் ஆலையில் பயிற்சியில் இருந்தேன். பாக்கெட்டுகள் உலோகக் கண்டறியும் கருவி வழியாகப் போகும். மணிக்கொருமுறை இரும்பு, இரும்பல்லாத உலோகம், துருப்பிடிக்காத எஃகு என்று மூன்று சோதனைத் துண்டுகளை அதில் அனுப்பிப் பார்க்க வேண்டும். ஒரு நாள் இரவு இரண்டு மணிச் சோதனையில் எஃகுத் துண்டைக் கருவி தள்ளிவிடாமல் விட்டுவிட்டது. எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கருவியைச் சரி செய்து ஓட்டினால் ஆயிற்று என்று நினைத்தேன். ஷிஃப்ட் மேற்பார்வையாளர் வரிசையை நிறுத்தினார். ஒரு மணிக்குக் கடைசியாகச் சோதனை சரியாக வந்திருந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பெட்டியையும் ஓரமாக எடுத்து வைத்து, சிவப்பு அட்டை ஒட்டி, கருவியைச் சரி செய்தபின் எல்லாவற்றையும் மறுபடி அனுப்பச் சொன்னார். விடியும்வரை பெட்டி தூக்கினோம். எதிலும் உலோகம் இல்லை. "இல்லைன்னு இப்பதான் நமக்குத் தெரியும் தம்பி, ரெண்டு மணிக்குத் தெரியாதே" என்றார். எச்.ஏ.சி.சி.பி. என்று புத்தகத்தில் படிக்கும் அபாயப் பகுப்பாய்வு முறை மொத்தமும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது.

பயிற்சிக்குப் போகும்போது ஒரு தடித்த குறிப்பேடு எடுத்துப் போங்கள். எந்திரத்தின் பெயர், கொள்ளளவு, வெப்பநிலை, நேரம், நின்றுபோனால் என்ன செய்கிறார்கள் என்று எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள். எந்திரம் ஓட்டுபவர்களை அண்ணா, அக்கா என்று மரியாதையாகக் கூப்பிட்டுக் கேட்டால் எந்தப் புத்தகத்திலும் இல்லாததைச் சொல்லித் தருவார்கள். நிறுவனத்தின் கலவை விகிதங்களை மட்டும் வெளியே பேசக் கூடாது.

ஏழாம் படி: படிப்பு முடிந்த பிறகு

தனியார் ஆலைகளில் தரக் கட்டுப்பாடு, உற்பத்தி, புதிய பொருள் உருவாக்கம் என்று வாய்ப்புகள் இருக்கின்றன. வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: தொடக்கச் சம்பளம் மென்பொருள் துறையில் சேரும் நண்பரோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஷிஃப்ட் வேலை உண்டு. ஆலைகள் பல ஊருக்கு வெளியே இருக்கும். பெண்கள் நேர்காணலிலேயே இரவு ஷிஃப்ட், வாகனம், தங்குமிடம் பற்றிக் கேட்டுவிட வேண்டும், அதில் கூச்சம் தேவையில்லை. மூன்று நான்கு ஆண்டு ஆலை அனுபவம் வந்த பிறகுதான் இந்தத் துறையில் சம்பளமும் மதிப்பும் உயரத் தொடங்கும். அந்தக் காலத்தைத் தாங்கும் விருப்பம் இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு வேலை விரும்புபவர்களுக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணி இருக்கிறது. உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் உள்ளிட்ட சில பட்டங்கள் அதற்குத் தகுதி. கடைகளிலும் ஆலைகளிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதும் நடவடிக்கை எடுப்பதும் அவர்கள் பொறுப்பு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமும் அவ்வப்போது தொழில்நுட்ப அலுவலர் பணிகளுக்குத் தேர்வு நடத்துகிறது. அறிவிப்புகள் வருடந்தோறும் வருவதில்லை. இந்தத் தேர்வை மட்டும் நம்பி வீட்டில் காத்திருக்காமல், வேலையில் இருந்துகொண்டே தயாராவது நல்லது.

மேற்படிப்புக்குக் கேட் தேர்வில் பொறியியல் அறிவியல் தாளில் உணவுத் தொழில்நுட்பம் ஒரு பிரிவாக இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகங்களில் முதுநிலைக்கு ஐ.சி.ஏ.ஆர்., அதாவது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின், நுழைவுத் தேர்வு. மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ.யில் இரண்டாண்டு எம்.எஸ்சி. உணவுத் தொழில்நுட்பம் உண்டு, அதற்கும் நுழைவுத் தேர்வு இருக்கிறது. 1950-ல் தொடங்கிய அந்த நிறுவனம்தான் எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்தது. எருமைப் பால் குழந்தைகளுக்குச் செரிக்காது, அதிலிருந்து பால்மாவு எடுக்க முடியாது என்று பலரும் நினைத்திருந்த காலம் அது. அமுல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆராய்ச்சியில் மனம் இருந்தால் இறுதியாண்டிலேயே அந்த நுழைவுத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்குங்கள்.

சொந்தத் தொழில் நினைப்பு உள்ளவர்கள் முதலில் இரண்டு ஆண்டாவது வேறொருவர் ஆலையில் வேலை பாருங்கள் என்பது என் பிடிவாதமான கருத்து. பொருள் தயாரிப்பது படித்தவருக்குக் கைவந்துவிடும். திரும்பி வரும் சரக்கு, கடைக்காரர் தராத பாக்கி, பழுதான சீலிங் எந்திரம் இவற்றையெல்லாம் அடுத்தவர் செலவில் கற்றுக்கொள்வது நல்லது. 2020-ல் ஒன்றிய அரசு தொடங்கிய குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான திட்டத்தில் திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் வைத்தார்கள். நீங்கள் தொடங்கும் நேரத்தில் அது நடைமுறையில் இருக்கிறதா, அல்லது என்ன புதுத் திட்டம் வந்திருக்கிறது என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். பொறியியல் கலந்தாய்வு, வேளாண் பல்கலைக்கழகம், கால்நடைப் பல்கலைக்கழகம், ஜே.இ.இ. வழியாக நிஃப்டெம். ஒவ்வொன்றிலும் இந்த ஆண்டு விண்ணப்பம் தொடங்கும் தேதி, கடைசித் தேதி, கட்டணம், தேவையான சான்றிதழ்கள் என்று எழுதி, படிக்கும் மேசைக்கு மேல் ஒட்டிவிடுங்கள். ஜே.இ.இ. மெயின் விண்ணப்பம் மட்டும் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிடும், அந்தக் கட்டத்தை முதலில் நிரப்புங்கள்.